பைகளைப் பார்த்துக்கொள்ள நீங்கள் எதற்கு?

குடும்பத்தோடு எங்கே உல்லாசப் பயணம் போனாலும் ஒரு குரல் மட்டும் தவறாமல் கேட்கும். "நீங்க எல்லாரும் போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் இப்படியே உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கறேன்." மலையானாலும் சரி, அருவியானாலும் சரி, அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் குரலாகத்தான் இருக்கும். முழங்கால் வலிக்கும், மூச்சு வாங்கும், குழந்தை தூங்குது... ஏதோ ஒரு காரணம். வருஷக் கணக்கில் இப்படியே உட்கார்ந்து பழகிவிட்டால், பிறகு கால்களும் "நமக்கு எதுக்கு?" என்றுதான் கேட்கும்! அப்படி உட்கார்ந்துவிடுகிற சகோதரிகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மகளின் பிரசவத்துக்காகவும் பேரக் குழந்தைகளுக்காகவும் அமெரிக்கா போகிற அம்மாக்கள் இன்று நிறையப் பேர். அடுப்படிக்கும் ஹாலுக்குமாக நடந்துவிட்டே ஊர் திரும்புகிறவர்களும் உண்டு. உங்கள் பெண்ணோ பிள்ளையோ மேற்குக் கரையில், ஓரிகன் மாநிலத்தில் இருந்தால், அவசியம் ஒருநாள் சில்வர் ஃபால்ஸ் பூங்காவுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். அந்த மாநிலத்தின் தலைநகருக்கு என்ன பெயர் தெரியுமோ? சேலம்! நம் மாம்பழச் சேலம் இல்லை, இது வேறு சேலம். அங்கிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர்.

ஒரே பாதையில் பத்து அருவிகள்

காட்டுக்குள்ளே ஒரு பள்ளத்தாக்கு. அதில் இறங்கி, ஓடைக்கரையோடு நடந்து, மறுபடி மேலேறித் திரும்பும் வட்டப் பாதை 7.2 மைல், அதாவது சுமார் பதினொன்றரை கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் நாலைந்து மணி நேரம் ஆகும். வழியில் பத்து அருவிகள்! தெற்கு அருவி 177 அடி உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாக விழுகிறது. 'டிரேக்' அருவியோ 27 அடிதான். சின்னக் குழந்தையின் சிரிப்பு மாதிரி சலசலக்கிறது.

இருபுறமும் வானத்தைத் தொடும் டக்ளஸ் ஃபிர் மரங்கள், பாசி போர்த்திய மேப்பிள் கிளைகள், இடுப்பளவு பெரணிச் செடிகள். ஆனால் ஒன்று: குற்றாலத்தை நினைத்துக்கொண்டு எண்ணெயும் சீயக்காயும் எடுத்துப் போகாதீர்கள்! இவை குளிக்கிற அருவிகள் அல்ல, பார்க்கிற அருவிகள்.

அருவிக்குப் பின்னால்

இந்தப் பத்தில் நான்கு அருவிகளுக்குப் பின்பக்கமாகவே பாதை போகிறது. அது எப்படி? ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைக் குழம்பு இங்கே படிந்து கெட்டிப் பாறையாக இறுகியது. அதற்கு அடியில் இருந்த மிருதுவான படிவத்தைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தெடுத்துவிட, மேலே பாறை கூரையாக நிற்கிறது, கீழே குகை. வடக்கு அருவிக் குகையில் அண்ணாந்து பார்த்தால், கூரையில் உருண்டையான துளைகள் தெரியும். அந்தக் குழம்பு சூழ்ந்துகொண்ட அந்தக் கால மரங்கள் நின்ற இடங்களாம் அவை!

நாங்கள் போனபோது என் சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். வயசு அறுபத்திரண்டு. வழக்கம்போல, "பைகளை நான் பார்த்துக்கறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என் பெண் விடவில்லை. "அத்தை, பையெல்லாம் கார்லயே இருக்கட்டும். முதல் அருவி வரைக்கும் வாங்க, முடியலைன்னா திரும்பிடலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பேரன் முன்னால் ஓட, பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று இறங்கினோம். நீர்த்திரைக்குப் பின்னால் போய் நின்றதும் சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எத்தனையோ தடவை குற்றாலம் போயிருக்கேன் சம்பந்தி. அருவிக்கு முன்னாடி நின்னிருக்கேன். பின்னாடி நின்னதே இல்லை" என்றார். அன்று அவர் நடந்தது ஒரு மைல்தான். ஆனால் மறுநாள் காலையில் ஷூவைத் தேடி எடுத்து, "தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்று அவரே கேட்டார்!

எவ்வளவு முடியும்?

முழுப் பாதையையும் நடந்தால்தான் பெருமை என்பதில்லை. தெற்கு அருவியை மட்டும் சுற்றி வர ஒரு மைல். கீழ்த் தெற்கு அருவியும் சேர்த்து, குறுக்குப் பாதையில் ஏறித் திரும்பினால் ஏறக்குறைய மூன்று மைல். எங்கே திரும்புவது என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏனென்றால் மலையேற்றத்தில் முதலில் ஏறுவோம், களைத்தால் இறங்கிவிடலாம். இங்கே தலைகீழ்! முதலில் சுகமாக இறங்கிவிடுவோம்; களைத்த பிறகுதான் ஏற்றம். வடக்கு அருவியிலிருந்து மேலே வர மட்டுமே எழுபதுக்கும் மேற்பட்ட படிகள்.

கிளம்புமுன் கவனியுங்கள்

* மூன்று வாரம் முன்பிருந்தே தினம் அரைமணி நடங்கள். மாடிப்படி ஏறி இறங்கியும் பழகுங்கள்.

* முழங்காலுக்குக் கஷ்டம் இறக்கத்தில்தான். சின்னச் சின்ன அடியாக வையுங்கள். கைத்தடி பாரத்தைக் குறைக்கும். அதில் வெட்கம் வேண்டாம்.

* செருப்பு வேண்டாம். சாரலில் பாறை வழுக்கும். பிடிப்புள்ள ஷூ அவசியம். புடவையைவிட சல்வார் கமீஸ் வசதி.

* பள்ளத்தாக்குக்குள் கழிவறை கிடையாது. மேலே கார் நிறுத்தும் இடத்திலேயே போய்விட்டு இறங்குங்கள். "பாத்ரூம் போகணுமே" என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோமே, அது மிகவும் தப்பு. களைப்பு, தலைவலி, நீர்க்கடுப்பு எல்லாம் அதனால்தான் வருகின்றன.

* படிகள் இருப்பதால் தள்ளுவண்டி உதவாது. கைக்குழந்தையை உடம்போடு கட்டும் பையில் சுமக்கலாம். நடக்கிற குழந்தையின் கையை, குகைப் பாதைகளில் விடவே கூடாது.

* கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்கள், இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே கிளம்புங்கள்.

* புளியோதரையும் வறுவலும் போதும். எச்சில் இலை, காகிதம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் அருவிகளில் தண்ணீர் நிறைய இருக்கும். அக்டோபரில் மேப்பிள் இலைகள் மஞ்சளாகப் பழுக்கும். கோடை முடிவில் அருவிகள் இளைத்துவிடும். கடுங்குளிரில் பனிக்கட்டி உறைந்து பாதை ஆபத்தாகிவிடும்.

ஓரிகன் போகாவிட்டால் என்ன? உங்கள் ஊர்ப் பக்கத்திலும் ஒரு குன்று, ஒரு கோயில் படிக்கட்டு இருக்குமே! அடுத்த தடவை பைகளுக்குக் காவல் வைக்க வேண்டுமென்றால், வீட்டிலுள்ளவர்கள் முறை போட்டுக்கொள்ளட்டும். முதல் முறை உங்கள் வீட்டுக்காரருடையது!