உப்பு ஒட்டாது, துரு ஒட்டும்!

காந்தக் கண்ணழகி, காந்தக் குரலோன் என்று காந்தத்தை நாம் சினிமாக்காரர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம். அசல் காந்தத்துக்குக் கண்ணும் தெரியாது, குரலும் தெரியாது. இரும்பா, வா! இல்லையா, போ! அவ்வளவுதான் அதன் அறிவு.

அந்த அறிவைச் சோதித்துப் பார்க்க மரக்காணம் உப்பளத்தைவிட நல்ல இடம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். சதுரம் சதுரமாகப் பாத்திகள், ஓரத்தில் வெள்ளைக் குவியல்கள். செத்துப்போன ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் இறங்கினேன்.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், உப்பு ஒட்டுமான்னு பாக்க வந்தீங்களா?"

ஒட்டவில்லை. ஒட்டாது. உப்பும் சரி, தண்ணீரும் சரி, காந்தத்தைக் கண்டால் விலகுகிற ஜாதி. அந்த விலகல் மிக மெலிசு, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பழைய மோட்டார் கொட்டகைப் பக்கம் கிடந்த உப்பைக் கிளறியபோது பழுப்பாகச் சில செதில்கள் காந்தத்தில் அப்பிக்கொண்டன. துரு! உப்புக் காற்று பைப்பையும் போல்ட்டையும் தின்று துப்பிய மிச்சம். துருச் செதிலுக்குள் காந்தத்தில் ஒட்டக்கூடிய பொருளும் கொஞ்சம் இருக்கும், அதைத்தான் காந்தம் பிடிக்கிறது. உப்பு ஆலைகளில் பாக்கெட் போடுவதற்கு முன் உப்பைக் காந்தங்களைக் கடந்து போகவிடுவது இதற்காகத்தான்.

"அப்போ இரும்புச் சத்து உப்புன்னு விக்கிறாங்களே, அது ஒட்டுமா?" என்றார் பெரியவர். நல்ல கேள்வி. தமிழ்நாடு உப்புக் கழகம் இரும்பும் அயோடினும் சேர்த்து உப்பு தயாரித்திருக்கிறது. அதையும் காந்தம் சீண்டாது. அதில் இருப்பது இரும்புத் தூள் அல்ல, வேறு பொருளோடு கூடிக் குணம் மாறிய இரும்பு.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், உங்கள் பர்ஸ் சம்பந்தப்பட்டது. நம் ரத்தத்தில் இருக்கும் இரும்பும் இப்படிக் குணம் மாறியதுதான். ஆனால் காந்த மெத்தை, காந்தக் காப்பு விற்கிறவர்கள் ஆபீஸுக்கே வந்து டை கட்டிக்கொண்டு என்ன சொல்கிறார்கள்? "ரத்தத்துல இரும்பு இருக்கு சார், காந்தம் அதை இழுத்து ஓடவைக்கும்!" எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷின்களில் பல, பூமியின் காந்தத்தைப்போல 30,000 மடங்குக்கு மேல் வலுவானவை. அதற்குள் படுத்து எழுந்தவர் யாருக்கும் ரத்தம் ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டதில்லை. மெத்தைக் காந்தம் வலியைக் குறைக்கும் என்பதை முறையான ஆய்வுகளும் உறுதி செய்யவில்லை.

காந்தத்தை நம்பக்கூடிய வேலைகள் வேறு. 1992 முதல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் ஒட்டும். பழைய தடிமனான ஐந்து ரூபாயில் கால் பங்கு நிக்கல். தனி நிக்கல் ஒட்டும். ஆனால் முக்கால் பங்கு செம்போடு கலந்ததால் அந்தக் காசு ஒட்டாது. 'தங்கம்' என்று நீட்டப்படும் செயின் காந்தத்தில் ஒட்டினால் சந்தேகப்படுங்கள். ஒட்டவில்லை என்பதற்காக நம்பியும்விடாதீர்கள். பித்தளையும் ஒட்டாது!

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். என் ஸ்பீக்கரில் இருந்த கறுப்பு வட்டம் ஃபெரைட், 1930-ல் ஜப்பானில் கண்டுபிடித்தது. அதில் பெரும்பகுதி இரும்பு ஆக்ஸைடு. ஏற்கனவே துருப்பிடித்த ஆசாமியை உப்புக் காற்று என்ன செய்யும்? 1980-களில் வந்த நியோடிமியம் காந்தம் குட்டியாக இருந்தாலும் பயில்வான். ஆனால் மேலே பூசிய நிக்கல் கீறிவிட்டால் மரக்காணம் மாதிரி ஊரில் பொடிப்பொடியாக உதிரும். வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

அந்தக் குட்டிப் பயில்வான்கள் குழந்தைகள் கையில் கிடைக்கவே கூடாது. இரண்டை விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் குடலை நசுக்கி ஓட்டை போட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் சட்டைப் பையில் காந்தம் வைக்கக் கூடாது.

எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர், அப்பாவின் மூட்டு வலிக்குக் காந்த மெத்தை வாங்க பண்டிகை அட்வான்ஸ் ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை துருச் செதில், பெரியவரின் கேள்வி, ஸ்கேன் மெஷின் எல்லாம் சொன்னேன். "டெமோ நல்லா இருந்துச்சேப்பா..." என்று இழுத்தார். மறுநாள் லீவு போட்டு அப்பாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

நிரப்பின ஃபாரம் அவர் சீட்டுக்குப் பின்னால், இரும்பு பீரோவில் தொங்குகிறது. பிடித்துக்கொண்டிருப்பது ஒரு பொத்தான் காந்தம். அந்த வேலையில் அதை அடிக்க ஆளில்லை.