லாட்ஜ் வைத்தியரா? உஷார் பாஸ்!

அரக்கோணம் டு சென்ட்ரல் லோக்கல் ட்ரெயின்ல காலேஜ் போற பசங்களுக்கு இந்த மாதிரி நோட்டீஸ் மனப்பாடம். ‘சிறு வயதுத் தவறுகளால் நரம்புத் தளர்ச்சியா? வைத்தியர் இந்தத் தேதி, இந்த லாட்ஜில்!’ எல்லோரும் படிச்சுட்டு சிரிப்பாங்க. கேங்ல ஒருத்தன் மட்டும் சிரிக்க மாட்டான். இந்தப் பக்கம் அவனுக்காக!

40 சொட்டு ரத்தம் = ஒரு சொட்டு விந்து?

சுத்த ரீல். ரத்தத்தைக் காய்ச்சி விந்தாக்குற வேலை எதுவும் உடம்புல நடக்கலை. விந்துல விந்தணுக்களோட பங்கு ரொம்பக் கம்மி, நூத்துக்கு அஞ்சு தேறினாலே அதிகம். மத்ததெல்லாம் விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கிற திரவம்தான்.

ஸ்டாக் தீர்ந்துடுமா?

தீராது. நம்ம ஊர் லோகோ ஷெட் மாதிரி ராத்திரி பகலா வேலை ஓடுது. ஒரு விந்தணு உருவாக சுமார் 70 நாள் ஆகும். ஆனா, தினமும் புது பேட்ச் ஆரம்பிச்சுக்கிட்டே இருக்கும். தூக்கத்துல வெளியேறினாலும் சரி, சுய இன்பமா இருந்தாலும் சரி, பின்னாடி அப்பா ஆகறதுக்கு அது தடை இல்லை.

அப்புறம் ஏன் களைப்பு?

பயம்! 1960-ல் மனநல மருத்துவர் என்.என்.விக் இதுக்கு ‘தாத் சிண்ட்ரோம்’னு பேரே வெச்சுட்டார். ‘விந்து போகுதே’ங்கற கவலைதான் சோர்வா, படபடப்பா வெளியே தெரியுது. சிகிச்சை தேவைப்படுறது கவலைக்கு. லேகியத்துக்கு இங்கே வேலை இல்லை.

நிஜ வில்லன்கள் யார்?

சிகரெட், சூடு, ஜிம்ல போடுற ஸ்டீராய்டு ஊசி. விரைகளுக்கு உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான வெப்பம் வேணும். அதனால, மணிக்கணக்கா மடியில லேப்டாப் வேணாம். ஸ்டீராய்டு போட்டா, ‘விந்தணு தயார் பண்ணு’ன்னு மூளை அனுப்புற சிக்னலே கட் ஆகும். நிறுத்தினாலும் பழைய நிலைக்கு வர மாசக்கணக்கு ஆகலாம்.

டெஸ்ட் எப்போ?

ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் குழந்தை இல்லைன்னா கணவன், மனைவி ரெண்டு பேருக்குமே டெஸ்ட் அவசியம். குழந்தையின்மையில ஏறக்குறைய பாதி கேஸ்ல ஆண் பக்கமும் காரணம் இருக்கு. மருமகளை மட்டும் திருத்தணி மலையில 365 படி ஏற வெச்சா போதாது! ஒரு மில்லிக்கு 1.6 கோடி விந்தணுக்கள்ங்கறது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன கீழ் எல்லை. அதுவும் பாஸ் மார்க் கிடையாது. அதுக்குக் கீழே இருந்தும் அப்பா ஆனவங்க உண்டு.

கடைசியா ஒண்ணு. ஆண்மைக் குறைவுக்கு மருந்துன்னு விளம்பரம் பண்றதே 1954-ம் வருஷத்து சட்டப்படி குற்றம். முதல் தடவையே ஆறு மாசம் வரை ஜெயில் உண்டு. விரையில வலி, வீக்கம், கட்டின்னா உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. சந்தேகம் மட்டும்தான்னா 104-க்கு போன் போடுங்க. செமஸ்டர் ஃபீஸை லாட்ஜ் ரூம்ல கட்டாதீங்க!