சீரற்ற நாடியும் நோன்பு மாதமும்

மருத்துவ மேதை இப்னு ஸீனா (மறைவு கி.பி. 1037) தமது ‘அல்கானூன்’ பெருநூலில், மாறுபடும் நாடியை இரண்டாகப் பகுத்தார்: ஒரு முறைக்கு உட்பட்டு மாறுவது, எம்முறைக்கும் உட்படாதது. இரண்டாவதைக் கைவிரலில் உணரும் இன்றைய மருத்துவர் முதலில் ஐயுறுவது ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்னும் இதய மேலறை நடுக்கத்தையே.

எலவனாசூர்கோட்டையில் நமக்கு வேண்டிய பெரியவர் ஒருவர், இந்நோய்க்காகக் காலையில் உட்கொண்டுவந்த மாத்திரையை ஒரு ரமளானில் நோன்பின் பொருட்டுத் தாமாகவே நிறுத்திவிட்டார். உடல் நன்றாகத்தானே இருக்கிறது என்பது அவர் எண்ணம். நான்காம் இரவு தராவீஹ் தொழுகையில் நெஞ்சு படபடத்து மூச்சுத் திணறியது. சேலம் சாலை வழியே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டு சென்றனர்.

அம்மாத்திரை நோயை நீக்குவதன்று. மேலறைகளில் நிமிடத்திற்கு 350 முதல் 600 வரை எழும் மின்தூண்டல்கள், கீழறைகளுக்குச் செல்லும் வழியில் ஒரு கணுவைக் கடக்க வேண்டும். கணு பலவற்றைத் தடுத்தும், மருந்தின்றேல் கீழறைகள் பெரும்பாலும் நூற்றுக்கு மேல், சிலரிடம் 160 வரை துடிக்கும். குருதி நிரம்ப அவகாசம் இராது. மெட்டோப்ரோலால், பிஸோப்ரோலால், டில்டியாஸெம் போன்றவை அக்கணுவின் வாயிலைச் சற்றே இறுக்குகின்றன. மேலறை நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். மருந்தை விட்டால் வாயில் திறந்துகொள்ளும். மெட்டோப்ரோலால் வகையைத் திடீரென நிறுத்தினாலோ துடிப்பு முன்னிலும் மிகலாம்.

எவ்வளவு இறுக்குவது? 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று, ஓய்வில் 110க்குள் துடிப்பை வைத்திருப்பது, 80க்குள் கட்டுப்படுத்துவதற்குச் சளைத்ததன்று எனக் காட்டிற்று. ஆயினும் மணிக்கட்டை மட்டும் நம்பலாகாது. வலுவற்ற துடிப்புகள் அங்கு எட்டுவதில்லை; நெஞ்சில் குழல் வைத்து முழு நிமிடம் எண்ணுவதே முறை.

டிஜாக்சினைத் தனியே சொல்ல வேண்டும். 1785இல் வில்லியம் விதரிங் எழுதிய நரிக்கையுறைச் செடியின் வழிவந்த மருந்துக் குடும்பம் இது. அமர்ந்திருக்கையில் நன்கு அடக்கும், மாடியேறினால் கைவிடும். சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், நீர் வற்றிய நோன்பாளியின் உடலில் தேங்கி நஞ்சாகவும் கூடும்.

நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்பு நோற்கலாம் என மருத்துவர் இசைந்தால், நாளுக்கு ஒருமுறை போதுமான நீடித்த வகை மாத்திரையை இஃப்தாருக்கு மாற்றிக்கொள்ளலாம். பக்கவாதத்தைத் தடுக்கும் குருதியுறைவு எதிர்ப்பு மருந்து வேறு; வேக மருந்து அதற்கு ஈடாகாது. அதற்கும் நேரம் குறிக்க வேண்டும். பெரியவர் இப்போது ஷஅபானிலேயே சிறுநீரகப் பரிசோதனையை முடித்துக்கொண்டு, மருந்துச் சீட்டுடன் மருத்துவரிடம் செல்கிறார்.