அடுப்பு எங்கே இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன், பட்டுக்கோட்டையை அடுத்த சிற்றூர் ஒன்றில் கீற்று வீடு தீப்பற்றியபோது நான் அங்கிருந்தேன். வண்டியிலிருந்து இறங்கிய தீயணைப்பு வீரர் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே யாராவது இருக்காங்களா?" என்பது. அடுத்தது, "சிலிண்டர் எங்கே இருக்கு?" வீட்டுக்கார அம்மாள் கைகாட்டிய இடத்தில்தான் தீ மூர்க்கமாக எரிந்துகொண்டிருந்தது. விறகடுப்புக்கு இரண்டடி தள்ளி, அதே சாய்ப்பில் சிலிண்டரை வைத்திருந்தனர். வீரர்கள் சுவரோரம் ஒதுங்கி நின்று நீரைப் பாய்ச்சினர். அன்று அது வெடிக்கவில்லை.

2016 மே 1-இல் உஜ்வலா திட்டம் தொடங்கப்பட்ட பிறகு, எரிவாயு இணைப்பு எளிய குடும்பங்களையும் எட்டியது. ஆனால், விறகடுப்பு அணையவில்லை. தேநீருக்கும் அவசரத்துக்கும் எரிவாயு. சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு. தென்னை மட்டையும் பாளையும் பன்னாடையும் காசின்றிக் கிடைக்கும் எங்கள் பகுதியில் இதை அறியாமை என்று சொல்ல மாட்டேன். கூலி வேலை செய்யும் குடும்பத்தின் கணக்கில் அது சரியான முடிவே. ஆகவே, விறகடுப்பு இருக்கலாமா என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பதே இன்றைய கேள்வி.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழும். நம் விறகடுப்போ தரையில்தான் இருக்கிறது; அதில் கங்கு இரவெல்லாம் கனன்றுகொண்டிருக்கும். இரண்டும் ஓரிடத்தில் இருந்தால், கசிவு தானாகவே நெருப்பைத் தேடிச் செல்லும். மாறாக, முதலில் கூரை பற்றினால், 14.2 கிலோ சிலிண்டருக்குள் திரவம் கொதித்து அழுத்தம் ஏறும். திரவமில்லாத மேற்பகுதியில் தழல் படும்போது எஃகு இளகிப் பிளக்கக்கூடும். அப்போது மிக அருகில் நிற்பவர் குழாயைப் பிடித்திருக்கும் வீரர்தான்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிபொருள் ஏற்றியிருந்த கப்பலின் தீயை அணைக்கச் சென்று 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் தீத்தொண்டு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது.

நம் மாவட்டத்துக்கு வேறு பாடம் தேவையில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், பள்ளியின் சத்துணவுச் சமையலறையில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் பாதுகாப்பு நெறிகளைப் பள்ளிகள் பின்பற்ற வேண்டும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டது. வீட்டு அடுப்பங்கரையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

விதி இல்லை என்பதன்று. புகைபோக்கி, அடுப்பு ஆகியவற்றின் தீப்பாதுகாப்புக்கென ஐ.எஸ். 1645 என்ற இந்தியத் தர நெறிமுறை 1960-லேயே வெளிவந்துவிட்டது. எங்கள் ஊர்க் கொத்தனார் எவரும் அதைக் கேள்விப்பட்டதில்லை. ஓய்வு பெறும்வரை நானும் கேள்விப்பட்டதில்லை. 1980-களில் அரசு பரப்பிய புகையில்லா அடுப்புத் திட்டத்தின் நோக்கம் புகையைக் குறைப்பதும் விறகை மிச்சப்படுத்துவதும்தான். சூடான புகைக்குழாய் கீற்றை ஒட்டிச் செல்வதன் ஆபத்து அதில் பின்னுக்குப் போயிற்று.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. விறகடுப்புக்கு மேல் கீற்று கூடாது. ஓடோ தகரமோ போதும். சிலிண்டருக்கும் அதற்கும் நடுவே ஒரு முழுச் சுவர் வேண்டும். மட்டைக் குவியல் அடுப்பங்கரைக்கு வெளியே இருக்கட்டும். சிலிண்டர் வாசலை ஒட்டி இருந்தால், வீரர் அதை எளிதில் வெளியே எடுத்துவிடலாம்.

பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம்: ஒருவர் மிச்சப்படுத்தும் செலவை வேறொருவர் சுமப்பது. அதைச் சந்தை தானாகச் சரிசெய்யாது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தரப்படுகிறது. குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு எழுவது பெரிய மாற்றம்தான். ஆனால், அத்தகைய வீடுகளின் பின்புறம் விறகடுப்புக்காக மறுபடியும் கீற்றுச் சாய்ப்பு முளைப்பதைப் பார்க்கிறேன். பணிகளைப் பார்வையிட்டுத் தவணை விடுவிக்கும் பொறியாளர், கடைசித் தவணைக்கு முன் பின்புறமும் சென்று, அடுப்பின் மேல் என்ன கூரை, சிலிண்டர் எவ்வளவு தொலைவில் என்று குறித்துக்கொள்ளலாம். படிவத்தில் இன்னும் இரண்டு வரிகள்தான் கூடும்.