டிஸ்சார்ஜுக்குப் பிறகு வீடு எப்படி ஓடும்?

பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. டாக்டர் ஆர். வெங்கடசாமி கட்டி எழுப்பிய பிரிவு அது. சுற்றிலும் திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று ஆலைகளாக இருக்கும்போது, பிரஸ் மெஷினில் நசுங்கிய கைக்கும் பிளேடில் அறுந்த விரலுக்கும் அங்கே வேலை இருந்துகொண்டேதான் இருக்கும்.

விரலின் அறுந்த தசைநாணைத் தைப்பது சில மணி நேர வேலை. தைத்த விரல் கனம் தூக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ 12 வாரம் ஆகும். முதல் ஐந்தாறு வாரம் கை ஸ்பிளிண்ட்டுக்குள் இருக்கும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி விரலை மெல்ல மடக்கி, மெல்ல நீட்ட வேண்டும். பயிற்சியே செய்யாமல் விட்டால் விரல் விறைத்துப்போகும். அவசரப்பட்டுச் சம்மட்டியைப் பிடித்தால் தையல் அறுந்து மறுபடி ஆபரேஷன்தான்.

அந்த 12 வாரமும் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் காத்திருக்காது. ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அதற்குப் பிந்தைய இந்த வீட்டுக் காலத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை.

தொழிலாளியின் நலனைப் பற்றிப் பேசியவர்கள் முன்பே இருந்தார்கள். பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் முன்னின்று 1918 ஏப்ரலில் அமைத்த சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் பின்னி ஆலைகளின் தொழிலாளர்களை நம்பி எழுந்தது. அமைப்புரீதியான இந்தியத் தொழிற்சங்க வரலாறு அங்கிருந்துதான் தொடங்குவதாகப் பொதுவாகச் சொல்வார்கள். ஆலைத் தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு எப்படி இருக்க வேண்டும் என்று பேராசிரியர் பி.பி. அடார்கர் 1944இல் அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது இஎஸ்ஐ. அந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இணைந்துவிட்டது. இஎஸ்ஐ என்ற பெயரும் ஏற்பாடும் தொடர்கின்றன.

இஎஸ்ஐ என்றதும் டிஸ்பென்சரி வரிசையும் மாத்திரையும்தான் நினைவுக்கு வரும். பலரும் கவனிக்காத பகுதி, அது வீட்டில் படுத்திருக்கும் நாட்களுக்குத் தரும் பணம்.

நாளைக்கு 600 ரூபாய் வீதம் மாதம் 15,600 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் சம்பளத்தில் இஎஸ்ஐக்குப் பிடிப்பது 0.75 சதவீதம், 117 ரூபாய். முதலாளி செலுத்துவது 3.25 சதவீதம், 507 ரூபாய். காய்ச்சலோ குடல்வால் ஆபரேஷனோ ஆகி டாக்டர் ஓய்வு எழுதிக்கொடுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், அதாவது நாளைக்கு 420 ரூபாய் கிடைக்கும். முதல் 2 நாள் காத்திருப்பு; ஆண்டுக்கு 91 நாள் வரம்பு. அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, தொடர்ந்து 2 ஆண்டு வேலையில் இருந்தவருக்கு, 80 சதவீதம் வீதம் 2 ஆண்டு வரைகூடக் கிடைக்கும்.

வேலையில் அடிபட்டால் கணக்கே வேறு. 78 நாள் நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. 90 சதவீதம், உடல் தேறும் வரை. கை அறுபட்ட நம் தொழிலாளிக்கு 84 நாளுக்கு நாளைக்கு 540 வீதம் 45,360 ரூபாய். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தும், பணியோடு தொடர்புள்ளதாக நிரூபிக்கப்பட்டால், 2010 திருத்தத்துக்குப் பிறகு வேலையில் பட்ட அடியாகவே கொள்ளப்படும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் நெடுஞ்சாலையில் சைக்கிளிலும் பைக்கிலும் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

காண்டிராக்ட் தொழிலாளியா? ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டாலும் சந்தாவுக்குப் பொறுப்பு முதன்மை நிறுவனத்தினுடையது.

ஓட்டைகளும் உண்டு. 2017 முதல் மாதச் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாயிலேயே நிற்கிறது. ஓவர்டைம் இல்லாத சம்பளமே அதைத் தாண்டிவிட்டால், அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் இஎஸ்ஐயை விட்டு வெளியே. அப்படி வெளியேறியவருக்கு நிறுவனம் எடுத்துத் தரும் குழு மெடிக்ளெய்ம், வழக்கமாக டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரை மருந்து, பரிசோதனைச் செலவைக் கொடுக்கும். இழந்த சம்பளத்தைக் கொடுக்காது. அங்கே மிச்சமிருக்கும் லீவும் நிர்வாகத்தின் மனசும்தான் துணை. சென்னைத் துறைமுகம் தன் ஊழியர்களுக்கென்று சொந்த மருத்துவமனையே வைத்திருக்கிறது. அதே துறைமுகத்தின் வாசலில் காத்து நிற்கும் லாரியின் டிரைவரோ, காசிமேட்டில் கூடை தூக்குபவரோ அந்தக் கணக்கில் வரமாட்டார்.

பணம் மட்டும் போதாது. திரும்பி வரும் வழியும் வேண்டும். இன்னொரு துறைமுக நகரமான ஹாம்பர்க்கின் பெயரிலேயே ஜெர்மனியில் ஒரு முறை வழங்குகிறது. நோயிலிருந்து எழுந்தவர் முதலில் தினம் 2 மணி நேரம், பிறகு 4, பிறகு 6 என்று படிப்படியாக முழு வேலைக்குத் திரும்புகிறார். ஆண்டில் 6 வாரத்துக்கு மேல் நோயால் வராதவரோடு உட்கார்ந்து, எப்படித் திரும்பலாம் என்று பேச முன்வருவது 2004 முதல் அங்கே முதலாளியின் சட்டக் கடமை. நம் ஊரில் பிட்னஸ் சர்டிபிகேட் கையில் வந்த மறுநாளே பழைய மெஷின், பழைய ஷிப்ட் என்பதுதான் பெரும்பாலும் நடைமுறை. ஸ்டோரில் சாமான் கணக்கு எடுப்பது, கேஜ் வைத்து அளவு பார்ப்பது என்று ஒரு மாதம் லைட் டூட்டி போட்டால் நிறுவனத்துக்கு ஆகும் செலவு சொற்பம். தேர்ந்த ஆபரேட்டர் ஒருவரை இழந்து புது ஆளைப் பழக்குவதோடு ஒப்பிட்டால் அது லாபமே.

ஆகவே நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: விபத்து நடந்தால் உடனே இஎஸ்ஐக்கு அறிக்கை அனுப்புங்கள். சின்னக் காயம்தானே என்று ரிஜிஸ்டரில் ஏற்றாமல் விடும் அடிதான் பிறகு பணம் கிடைக்காமல் போவதற்குக் காரணமாகிறது. தொழிலாளர்களுக்கு: சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா, உங்கள் இன்சூரன்ஸ் எண்ணில் அது வரவாகியிருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். டாக்டர் எழுதும் ஒவ்வொரு ஓய்வுச் சான்றையும் தேதி விடுபடாமல் வாங்கிவையுங்கள். இடையில் விடுபட்ட நாளுக்குப் பணம் வராது.