ஒளிப்பேழையிலிருந்து கணிப்பொறிக்கு

கல்லிலும் செப்பேட்டிலும் பொறித்த செய்திகள் நூற்றாண்டுகள் பல கடந்தும் நிலைத்து நிற்கின்றன. நம் இல்லத் திருமணங்களையும் மூத்தோர்தம் பேச்சையும் ஏந்தி நிற்கும் ஒளிப்பேழைகளோ முப்பது, நாற்பது ஆண்டுகளிலேயே முதுமை எய்திவிட்டன. 1976ஆம் ஆண்டு ஜப்பானில் ஜே.வி.சி. நிறுவனம் வெளியிட்ட வி.எச்.எஸ். பேழையும், 1985இல் சோனி நிறுவனம் கொணர்ந்த எட்டு மில்லிமீட்டர் சிறு பேழையும் இல்லந்தோறும் புகுந்தன. வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் பொருளீட்டச் சென்ற நம்மவர் விடுமுறைக்கு வருகையில் கேம்கார்டர் கொணர்ந்ததையும், வர இயலாதவர்க்கு இங்கு நிகழ்ந்த மணவிழாவைப் பேழையாக்கி அனுப்பியதையும் பெரியோர் அறிவர். அப்பேழைகளில் உள்ளவற்றைக் கணிப்பொறிக்குப் பெயர்த்து, வீட்டுப் படமாகத் தொகுக்கும் முறையினை ஈண்டு விளக்க விழைகின்றோம்.

நாடா என்பது மெல்லிய நெகிழிப் பட்டையின்மீது காந்தத் துகள்களைப் பசை கொண்டு படியவைத்தது. காற்றின் ஈரம் அப்பசையை நாளடைவில் நெகிழச் செய்யும், துகள்கள் உதிரும், உதிர்ந்த இடத்துக் காட்சி மீளாது. நம் கடற்கரை ஊர்களின் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டா. வெண்ணிறப் பூஞ்சை படர்ந்த பேழையை அப்படியே கருவியில் இடுதல் தகாது. அது கருவியின் தலையைக் கெடுத்து, அடுத்து இடும் பேழைக்கும் தொற்றும். நாடா நலமாக இருப்பினும் அதனை ஓட்டும் கருவி அரிதாகிவிட்டது. ஜப்பானிய நிறுவனமாகிய ஃபுனாய் 2016ஆம் ஆண்டிலேயே வி.சி.ஆர். உற்பத்தியை நிறுத்திவிட்டது.

பெயர்க்கத் தொடங்குமுன், முதற்பேழை எது என்று தேடுதல் வேண்டும். உறவினர் பலருக்கும் படியெடுத்து வழங்கியதால் நம் கையில் இருப்பது படியின் படியாக இருத்தல் கூடும். காந்த நாடாவில் ஒவ்வொரு படியிலும் நிறம் மங்கி, ஓரங்கள் கலங்கும். முதற்பேழை கிடைத்ததும், வி.எச்.எஸ். எனின் அதன் முதுகுப்புறத்துள்ள சிறு நெகிழித் துண்டை ஒடித்துவிடுக. சிறு பேழை எனின் பதிவுத்தடுப்பினை நகர்த்துக. தவறுதலாக மேலே பதிவாகிவிடும் அச்சம் பின்னர் இராது.

வி.எச்.எஸ்., எட்டு மில்லிமீட்டர் முதலிய பழைய பேழைகளின் சமிக்ஞை அலைவடிவானது. ஆதலின் இடையே ஒரு மாற்றுக்கருவி வேண்டும். ஓட்டும் கருவியின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளை மாற்றுக்கருவியில் இணைத்து, அதனை யு.எஸ்.பி. வழியே கணிப்பொறியில் பொருத்துவர். மஞ்சள் முனை காட்சிக்கும் ஏனைய இரண்டும் ஒலிக்கும் உரியவை. எஸ்-வீடியோ துளை இருப்பின் மஞ்சளுக்கு மாற்றாக அதனையே கொள்க, நிறம் தெளிவுறும். அமெரிக்காவிலிருந்து வந்த பேழை என்.டி.எஸ்.சி. முறையிலானது, நம் நாட்டுப் பால் முறைக் கருவிகள் பலவற்றில் அது நிறமிழந்தோ உருண்டோ தோன்றும். இதனைப் பேழையின் பழுதெனக் கருதி எறிந்துவிடலாகாது.

1995இல் வந்த டிவி முறையும் அதன் மினி டிவி பேழையும் வேறு வகையின. இவற்றில் காட்சி பதிவாகும்போதே எண்களாகிவிடுகிறது. எனவே ஃபயர்வயர் என்னும் கம்பியால் இணைப்பின், நாடாவிலுள்ள எண்கள் மாற்றமின்றிக் கணிப்பொறியை அடைகின்றன. தரம் சிறிதும் குன்றாது. இக்கேம்கார்டர்கள் பலவற்றில் யு.எஸ்.பி. துளையும் உண்டு. ஆயின் அது பெரும்பாலும் நிழற்படங்களுக்கோ தரங்குறைந்த காட்சிக்கோ அமைந்தது. அதனை நம்பி ஏமாந்தோர் பலர். மஞ்சள் முனை வழியே எடுப்போர் இழப்பது மற்றொன்றும் உண்டு. படம் பிடித்த நாளும் நேரமும் டிவி நாடாவில் காட்சியோடு மறைவாகப் பதிந்துள்ளன. ஃபயர்வயர் வழியே மட்டுமே அவை உடன் வரும். இறந்த ஒருவரின் கடைசிப் பதிவு எந்நாளையது என்னும் ஐயத்திற்கு விடை அங்கேயே இருக்கக்கூடும். புதிய கணிப்பொறிகளில் அத்துளை இல்லை. பழைய கணிப்பொறி ஒன்றைத் தேடிப் பிடித்தலோ தனி அட்டை பொருத்துதலோ வேண்டும்.

இரு முறைகளிலும் நாடா தன் இயல்பான வேகத்திலேயே ஓடியாக வேண்டும். ஒரு மணி நேரப் பேழைக்கு ஒரு மணி நேரம். குறுக்கு வழி இல்லை. டிவி முறையில் ஒரு மணி நேரக் காட்சி ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடங்கொள்ளும். 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பினை ஏற்காத பழைய அமைப்பிலான பென் டிரைவ் இதற்கு உதவாது.

இனித் தொகுப்பு. ஆப்பிளின் ஐமூவி 1999இலும் மைக்ரோசாஃப்டின் மூவி மேக்கர் 2000இலும் வந்தபின் இப்பணி வீட்டாருக்கும் எளிதாயிற்று. அன்றைய தொகுப்பாளர் பலர் மணவிழாக் காட்சிகளின் இயல்பான ஒலியை அகற்றித் திரைப்பாடலை நிரப்பினர். பந்தலில் பாட்டனார் யாரை எப்பெயரிட்டு அழைத்தார் என்பது அப்பாடலுக்கடியில் மறைந்தது. இவ்வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. வெட்டத் தொடங்குமுன் முழுக் கோப்பினைத் தனியே வைத்துவிட்டு, அதன் படியிலேயே வெட்டுதல் வேண்டும். கேம்கார்டர் வெறுமனே ஓடிக்கொண்டிருந்த பகுதியில்தான் இடிக்கப்பட்ட பழைய வீட்டின் முற்றம் தென்படும்.

முழுக் கோப்பின் ஒரு படி நம் வன்தட்டிலும், மற்றொன்று வேறூரில் உள்ள உடன்பிறந்தார் வீட்டிலும் இருத்தல் நலம். பெயர்த்தபின் பேழையை எறியாது, முழுவதும் சுற்றி, உறையிலிட்டு, ஈரமில்லா இடத்தில் நிமிர்த்தி வைக்குக.