உம்மாவின் குளியலறை

சகோதரிகளே, குளியலறையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைத்து விடாதீர்கள். ஒரு பெண்ணின் மானமும் சுகமும் அதில் அடங்கியிருப்பதை நான் கண்ணால் கண்டேன்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து நாங்கள் வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். ஆலங்குடாவில் ஓலைக் குடிசை. பல குடும்பங்களுக்கு ஒரே கிணறு. சுபஹு பாங்குக்கு முன்பே உம்மா என்னை எழுப்புவார். நான் காவல் நிற்க, கிடுகு மறைப்புக்குள் அவசரமாக இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு ஓடி வருவார்.

பின்னர் கல்வீடு கட்டினோம். ஆனாலும் குளிப்பு கிணற்றடியில்தான். சென்ற வருடம் உம்மா அங்கே பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதன்பிறகுதான் வீட்டுக்குள் ஷவர் வைக்கத் தீர்மானித்தோம்.

முதலில் விட்ட பிழை

கடையில் ஷவர் தட்டு ஒன்று வாங்கி, மணலைச் சமப்படுத்தி அதன்மேல் வைத்தோம். இரண்டு வாரத்திலேயே கால் வைத்தால் தட்டு ஆடத் தொடங்கியது. கழிவுக் குழாயின் பொருத்து விலகி, தண்ணீர் அடியில் இறங்கி மணலை அரித்திருந்தது.

மேசன் எல்லாவற்றையும் கழற்றினார். மணலை நனைத்து இறுக்கி, அதன்மேல் கொங்கிறீட் போட்டார். அது இறுகிய பின், ஒரு பங்கு சீமெந்துக்கு நாலு பங்கு ஆற்று மணல் கலந்த சாந்தைப் பரப்பி, தட்டின் அடிப்பக்கம் முழுவதும் படியும்படி அமர்த்தினார். கடல் மணலில் உப்பு இருப்பதால் அதைத் தொடவே விடவில்லை. வெளித்தரையை மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிவாக வைத்தார். சாந்து இறுகியதும், துவாரத்தை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டோம். காலையில் மட்டம் குறையவில்லை. குழாய்ப் பொருத்திலும் ஈரமில்லை. அதன்பிறகே ஓரங்களைப் பூசினோம். வாசற்படியைத் தாழ்த்தி, பிடித்து எழும்ப, கறள் பிடிக்காத கைபிடி ஒன்றையும் சுவரில் இறுக்கினோம்.

தண்ணீர் எங்கே போகிறது?

எங்கள் மண் மணல். ஊற்றியதெல்லாம் விரைவாகக் கீழே இறங்கிவிடும். அதே மணலுக்கடியில்தான் நாம் குடிக்கும் நன்னீரும் இருக்கிறது. பயிருக்கு இடும் உரத்தால் கற்பிட்டிக் குடாநாட்டில் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இருக்கும் கேடு போதும் என்று, சவர்க்காரத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்கு அப்பால் குழாயில் கொண்டுபோய் வாழைக்கு விட்டோம். துர்நாற்றமும் பூச்சியும் உள்ளே வராதிருக்க, எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைந்த குழாயைத் தட்டின் கீழே பொருத்தினோம்.

இப்போது காலை பத்து மணிக்கு உம்மா தானே கொண்டியைப் போட்டுக்கொள்கிறார். பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து ஆறுதலாகக் குளிக்கிறார். முதல் நாள் நான் பழக்கதோஷத்தில் கதவடியில் காவல் நின்றேன்.

"நீ போய் வேலையைப் பாரு மகள்" என்றார் உள்ளேயிருந்து.

வீடு கட்டும் சகோதரிகளே, மண்டபத்துக்கு டைல்ஸ் பதிக்க முன், வீட்டுப் பெண்கள் எங்கே குளிக்கிறார்கள் என்று ஒருமுறை யோசியுங்கள்.